25,000 தள்ளுபடி, 12 லட்சம் கொட்டேஷன்

கேள்வி: அருப்புக்கோட்டை பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்களிடம் 2014இல் வாங்கிய சின்ன கார் ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக 1,200 சிசிக்குள் ஒரு பெட்ரோல் கார் எடுக்க மதுரையில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். எக்ஸ்-ஷோரூம் விலை 9,74,000. ஆர்டிஓ 1,38,500, இன்சூரன்ஸ் 52,400, ஆக்சஸரீஸ் 24,500, எக்ஸ்டெண்டட் வாரண்டி 18,900, ஹேண்ட்லிங் 8,500, ஃபாஸ்டேக் 600. மொத்தம் 12,17,400. அதில் 25,000 தள்ளுபடி போக 11,92,400 என்கிறார்கள். பழைய காருக்கு 1,85,000 தருகிறார்களாம். கடன் 6 லட்சம், வட்டி வருடத்துக்கு ஆறே சதவீதம்தானாம். “வெறும் 58,000 சேர்த்தால் அடுத்த வேரியண்டே எடுத்துவிடலாம் மேடம், 10,32,000தான்” என்றும் சொல்கிறார்கள். இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால்தான் தள்ளுபடியாம். ஆடியில் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்கிறார் அம்மா. பாண்டிச்சேரியில் பதிவு செய்தால் வரி மிச்சம் என்கிறார் கொழுந்தனார். என் கணவரோ டெஸ்ட் டிரைவ் முடித்து இறங்கிய உடனேயே, “வண்டின்னா இதுதான் வண்டி” என்று அந்தப் பையன் முன்னாலேயே சொல்லிவிட்டார். இனிமேல் பேரம் பேச முடியுமா? 25,000 என்பது நல்ல தள்ளுபடியா?

பதில்:

டீச்சர், முடியும். ஆனால் தள்ளுபடியைப் பற்றி மட்டும் பேசினால் 25ஐ 30 ஆக்குவார்கள், அதோடு சரி. கார் விற்பனையில் 14 வருடம் இருந்தவன் நான், அதில் கடைசி ஆறு வருடம் மேனேஜர். உங்களிடம் பேசிய பையன் நடுவில் எழுந்து, “மேனேஜரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று கண்ணாடிக் கதவுக்குள் போயிருப்பானே? அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் நான்தான். பெரும்பாலும் அவன் என்னிடம் எதுவும் கேட்க மாட்டான். எவ்வளவு இறங்கலாம் என்று காலையிலேயே சொல்லியிருப்பேன். உள்ளே வந்து ஐந்து நிமிடம் நிற்பான், நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன், அப்புறம் முகத்தைக் கொஞ்சம் வாட வைத்துக்கொண்டு வெளியே போய், “ரொம்பப் பேசி இன்னும் 3,000 வாங்கியிருக்கிறேன்” என்பான். வாங்க வந்தவர்களுக்கும் ஜெயித்த திருப்தி. இன்சூரன்ஸ் எவ்வளவு என்று அதற்குப் பிறகு யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

சின்ன கார்களில் எக்ஸ்-ஷோரூம் விலையிலிருந்து டீலருக்கு நிற்பது சுமார் மூன்று முதல் ஐந்து சதவீதம். அதிலிருந்துதான் வாடகை, சம்பளம், யார்டில் நிற்கும் வண்டிகளுக்கு வங்கி வட்டி எல்லாம். அதனால் லாபத்தைக் கொட்டேஷனில் எக்ஸ்-ஷோரூம் விலைக்குக் கீழே எழுதும் மற்றத் தொகைகளில் தேடுவார்கள். நீங்களும் அங்கேதான் தேட வேண்டும்.

முதலில் அந்த 58,000. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாகன வரியை மாற்றினார்கள். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18. தாண்டிய தொகைக்கு மட்டும் 18 என்று நினைத்துவிடாதீர்கள், முழு விலைக்கும் 18. உங்கள் 9,74,000க்கு வரி 1,26,620. பையன் சொல்லும் 10,32,000க்கு 1,85,760. வரியில் மட்டும் வித்தியாசம் 59,140. ஆக அந்த ‘வெறும் 58,000’ உங்கள் கையிலிருந்து போகும்போது 1,17,140. இன்சூரன்ஸிலும் கொஞ்சம் ஏறும். இது போக, 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு டிசிஎஸ் என்று, விற்பவரே வசூலித்து உங்கள் பெயரில் கட்டும் வருமான வரியாக, ஒரு சதவீதம் பிடிப்பார்கள், 10,320 ரூபாய். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், பள்ளியில் சொல்லிச் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே கழிக்கவும் இப்போது வழி இருக்கிறது. ஆனாலும் டெலிவரி அன்று கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டிய பணம் அது. மேல் வேரியண்டில் கூடுதலாக என்ன தருகிறார்கள் என்று பாருங்கள். சன்ரூஃபும் பெரிய திரையும்தான் என்றால், ஒன்றே கால் லட்சத்துக்கு அது தகுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். ஷோரூமில் வேண்டாம். கூடுதல் ஏர்பேக் போல உயிரைக் காக்கிற பொருள் ஏதாவது அதில்தான் கிடைக்கிறது என்றால் நான் வேறு மாதிரி பதில் சொல்வேன்.

“போன வருஷம் இதே வண்டி பத்தரை லட்சத்துக்கு மேல மேடம்” என்றும் ஒருவேளை சொல்லியிருப்பார்கள். உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 1,200 சிசிக்குள், நான்கு மீட்டர் நீளத்துக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி, செஸ்ஸும் சேர்த்து 29 சதவீதமாக இருந்தது, 18க்கு இறங்கியது. அரசாங்கம் குறைத்தது அது. அதைத் தள்ளுபடிக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள்.

அடுத்து ஆர்டிஓ தொகை. வரி 1,26,620 என்று பார்த்தோம். உங்கள் கொட்டேஷனில் 1,38,500. நடுவில் 11,880 இருக்கிறது. பதிவுக் கட்டணம் 600, ஆர்சி புத்தகத்தில் கடனைக் குறிப்பதற்கு 1,500, ஸ்மார்ட் கார்டு 200, இன்னும் ஒன்றிரண்டு சின்னத் தொகைகள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்த இடைவெளி நிரம்பாது. மீதியை ‘ஆபீஸ் செலவு’ என்பார்கள். சண்டை எதுவும் வேண்டாம். “வரியும் கட்டணமும் அரசு ரசீதில் என்ன இருக்கிறதோ அதைத் தந்துவிடுகிறேன், ரசீது நகல் வேண்டும்” என்று மட்டும் சொல்லுங்கள். பணம் ஆன்லைனில்தான் கட்டப்படுகிறது, ரசீது கட்டாயம் இருக்கும். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் நானே பல முறை 5,000, 6,000 என்று குறைத்திருக்கிறேன்.

ஹேண்ட்லிங் 8,500 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்கு வண்டி வந்து சேரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே இருக்கிறது. இது எந்த அரசுக் கட்டணமும் இல்லை. எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால், “ஜிஎஸ்டியோடு தனி பில் தாருங்கள், எதற்கான கட்டணம் என்று அதில் எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே போய்விடும்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். கொட்டேஷனிலேயே கொழுப்பு அதிகம் உள்ள தொகை இதுதான்.

2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும். அதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 2022 ஜூனில் வந்த அட்டவணைப்படி 10,640. ஜிஎஸ்டி சேர்த்தால் 12,555. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இது ஒன்றுதான், இதில் பேரம் இல்லை. ஆனால் 52,400இல் இதைக் கழித்தால் இன்னும் 39,845 மிச்சம் இருக்கிறது. அதுதான் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான ஒரு வருடக் காப்பீடும் கூடவே ஒட்டியிருக்கும் ஆட்-ஆன் என்ற கூடுதல் காப்பீடுகளும். இந்தப் பகுதிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு விலை சொல்லும், அதே கம்பெனி ஷோரூம் வழியாக ஒன்றும் நேரடியாகப் போனால் வேறொன்றும் சொல்லும்.

ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. டீலர்கள் காப்பீடு விற்பதற்காகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் போட்ட விதிகளிலேயே, வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் இருக்கிறது. “வெளியில் எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது, ரிப்பேர் பில்லை முதலில் நீங்களே கட்ட வேண்டும்” என்று பயமுறுத்துவார்கள். அந்த ஒர்க்‌ஷாப் எந்தெந்தக் காப்பீட்டுக் கம்பெனிகளோடு கேஷ்லெஸ் ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்ற பட்டியல் அந்தந்தக் கம்பெனியின் தளத்திலேயே இருக்கும். பார்த்துவிட்டு அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஷோரூம் தந்த இன்சூரன்ஸ் கொட்டேஷனைத் தனியாக, பிரித்து எழுதி வாங்குங்கள். ஐடிவி, அதாவது வண்டி முழுவதும் போனால் காப்பீட்டுக் கம்பெனி தரும் தொகை, எவ்வளவு என்று பாருங்கள். புது வண்டிக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் ஐந்து சதவீதம் கழித்துப் போடுவார்கள், உங்களுக்கு 9,25,300 வரும். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஐடிவியைக் குறைக்கும் வேலையும் நடக்கும், கவனம். அதே ஐடிவிக்கு, அதே ஆட்-ஆன்களோடு வெளியில் இரண்டு கம்பெனிகளில் விலை கேளுங்கள். ஆட்-ஆன்களில் ஜீரோ டெப் மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், மாற்றும் பாகத்துக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது, ஊரில் பம்பர் டு பம்பர் என்பார்களே, அது. சாவி தொலைந்தால் ஒரு காப்பீடு, உள்ளே வைத்த பொருள் போனால் ஒரு காப்பீடு, டயருக்கு ஒன்று என்று சேர்த்திருந்தால் எடுத்துவிடலாம். மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும் ஊராக இருந்தால் எஞ்சின் பாதுகாப்பு தேவை. அருப்புக்கோட்டைக்கு அது அவசியமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. பழைய காருக்கு வருடா வருடம் இன்சூரன்ஸ் கட்டி வந்திருக்கிறீர்கள். தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் எதுவும் இல்லை என்றால் உங்களுக்கு 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி) சேர்ந்திருக்கும். அது உங்களுடையது, பழைய காரோடு போய்விடாது. பழைய காரை விற்றதற்கான தாளைக் காட்டி அந்தக் காப்பீட்டுக் கம்பெனியில் என்சிபி சான்று வாங்கினால், புதுக் காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். அந்தப் பிரீமியம் 22,000 என்று வைத்துக்கொண்டால் 11,000 குறையும், ஜிஎஸ்டியோடு சேர்த்து 13,000 பக்கம். நான் வேலை பார்த்த இடத்தில், வாடிக்கையாளர் கேட்காமல் இதை ஒரு முறைகூட யாரும் எடுத்துச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. பிரீமியம் குறைந்தால் எங்களுக்கு வருவதும் குறையும். எனவே பழைய காரைக் கொடுக்கும் நாளும் புது இன்சூரன்ஸ் போடும் நாளும் முன்பின்னாகிக் குழம்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழைய காரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1,85,000 என்று ஒரே தொகையாகத்தானே சொன்னார்கள்? அதில் எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, காருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். போனஸ் 20,000 என்றால் உங்கள் காருக்கு அவர்கள் போட்டிருக்கும் விலை 1,65,000தான். போனஸ் பெரும்பாலும் கம்பெனி தருவது, டீலர் பணம் இல்லை. அருப்புக்கோட்டையிலேயே தெரிந்த மெக்கானிக் ஒருவரிடமும், பழைய கார் வாங்கும் ஒரு கடையிலும் காட்டுங்கள். 2 லட்சத்துக்கு மேல் வந்தால் வெளியில் கொடுப்பதே மேல். சில கம்பெனிகளில், காரை வெளியில் விற்று ஆர்சி பெயர் மாற்றிய நகலைக் காட்டினாலே எக்ஸ்சேஞ்ச் போனஸ் தருகிறார்கள். கேட்டுப் பாருங்கள். யாரிடம் கொடுத்தாலும் பெயர் மாறும் வரை விடாதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்ற கார் எங்கோ போய் மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

ஆக்சஸரீஸ் 24,500ஐ நான் அப்படியே அடித்துவிடுவேன். மிதியடி, மட் ஃபிளாப், கவர் இவற்றுக்கு ஐந்தாறாயிரம் போதும். கொட்டேஷனில் ‘கிட்’ என்று ஒற்றை வார்த்தையில் இருந்தால் அதில் என்னென்ன என்று விலையோடு கேளுங்கள். சீட் கவர் போட்டிருந்தால் வேண்டாம். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் உள்ள வண்டியில் கண்ட கவரை மாட்டினால் அது விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் இலவசம் என்றாலும் வாங்காதீர்கள், 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு செக்போஸ்ட் தோறும் நிறுத்திக் கிழிப்பார்கள். பொதுவாகவே, ‘20,000 மதிப்புள்ள ஆக்சஸரீஸ் இலவசம்’ என்பதைவிட 8,000 ரொக்கத் தள்ளுபடி மேல். அந்த 20,000 அவர்களுக்கு அடக்கத்தில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி கெட்ட பொருள் இல்லை. ஆனால் இன்றைக்கே வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான கம்பெனிகளில், முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், தள்ளிப்போனால் விலை சற்றுக் கூடும். கம்பெனி வாரண்டியா, டீலரே போடும் வாரண்டியா என்று மட்டும் பாருங்கள். பள்ளிக்கும் மதுரைக்கும் போய்வருவதுதான் ஓட்டம் என்றால் நான் ஒரு வருடம் பொறுத்து முடிவு செய்வேன்.

கடன். “வருடம் ஆறே சதவீதம்” என்றால் அது ஃபிளாட் வட்டி. 6 லட்சத்துக்கு வருடம் 36,000, ஐந்து வருடத்துக்கு 1,80,000, ஆக மாதத் தவணை 13,000. மாதா மாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குறையும் நிலுவைக்கு வட்டி என்ற கணக்கில் இது 11 சதவீதத்தைத் தொடும். அதே 6 லட்சத்தை வங்கியில் 9 சதவீதக் குறையும் வட்டிக்கு எடுத்தால் தவணை சுமார் 12,455. மாதம் 545 குறைவு, ஐந்து வருடத்தில் 32,700. உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் ஒரு நாள் நேரில் போய்க் கேளுங்கள். அரசு ஆசிரியைக்குக் கார் கடன் கொடுக்க எந்த வங்கியும் யோசிக்காது. ஷோரூம் சொல்லும் கடனையும் ஒப்பிட்டுத்தான் பார்க்கப்போகிறேன் என்றால், கேஎஃப்எஸ் என்ற முக்கிய விவரத் தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் அதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எல்லாக் கட்டணமும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் அதிலேயே பாருங்கள். “எங்களிடம் லோன் எடுத்தால்தான் தள்ளுபடி” என்றால், தள்ளுபடியையும் இந்த 32,700ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நீங்கள் அரசு ஆசிரியை என்பதை ஷோரூமில் சொன்னீர்களா? பல கம்பெனிகள் அரசு ஊழியர், ஆசிரியர்களுக்கு என்று தனிச் சலுகை வைத்திருக்கின்றன. கார்ப்பரேட் ஆஃபர் என்று அதற்குப் பெயர். அடையாள அட்டையோ சம்பளச் சீட்டோ காட்டினால் போதும். கேட்டவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ரகம் இது.

அம்மா சொல்வதைக் கேளுங்கள். ஆடியைக் கண்டு பயப்படுவது நம்மைவிட ஷோரூம்காரர்கள்தான். ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்நாட்டு ஷோரூம்களில் ஈ ஓட்டுவார்கள். டார்கெட் மட்டும் மாதா மாதம் வரும். அதனால்தான் ‘இந்த மாதத்துக்குள்’ என்று அழுத்துகிறார்கள். ஆடியில் பேசி, விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஆவணியில் எடுங்கள். ஆவணியின் முதல் இரண்டு வாரம் ஆகஸ்ட் மாதக் கடைசி. அம்மாவுக்கு முகூர்த்தம், அவர்களுக்கு மாதக் கடைசி டார்கெட், இரண்டும் ஒரே வாரத்தில் வந்து விழும். ஒன்று மட்டும் கவனம். ‘டெலிவரி நாளன்று உள்ள விலையே செல்லும்’ என்று புக்கிங் தாளில் சின்ன எழுத்தில் இருக்கும். அது கம்பெனி விலையை ஏற்றினால் பொருந்தும். பேசிய தள்ளுபடி மாறாது என்று அதே தாளில் கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் முன்பணத்தை 5,000, 10,000 என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதும் ரசீதில் இருக்கட்டும்.

கொழுந்தனாரிடம் அன்போடு சொல்லிவிடுங்கள்: வேண்டாம். நீங்கள் குடியிருப்பதும் வண்டி ஓடப்போவதும் இங்கே. இல்லாத முகவரியைக் காட்டிப் பாண்டிச்சேரியில் பதிவு செய்து, இங்கே வைத்து ஓட்டினால் ஒருநாள் இங்குள்ள வரியைக் கேட்டு நிறுத்துவார்கள். அரசு வேலையில் இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டிய முகவரி இல்லை அது.

இப்போது பேரம். இதற்கு நீங்கள் மதுரைக்குப் போக வேண்டியதே இல்லை. அதே கம்பெனியின் வேறு டீலர்கள் மதுரையில் இன்னொருவர், விருதுநகரிலோ திருநெல்வேலியிலோ இருவர் இருப்பார்கள். மூன்று பேருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். வேரியண்ட், நிறம் எழுதிவிட்டு, “எக்ஸ்-ஷோரூம், அரசு ரசீதின்படி வரி, பதிவு, தள்ளுபடிகள் தனித்தனியாக. இன்சூரன்ஸ், லோன் என்னுடையது. ஆக்சஸரீஸ், வாரண்டி, ஹேண்ட்லிங் வேண்டாம். ஆவணி முதல் வாரம் எடுக்கிறேன். கடைசித் தொகையை எழுதி அனுப்புங்கள்” என்று போடுங்கள். ஒருவர் பதிலே போட மாட்டார். ஒருவர், “நேரில் வாங்க மேடம், நல்லா செஞ்சு தரலாம்” என்பார். ஒருவர் தொகையை எழுதி அனுப்புவார். அந்தத் தொகையோடு முதல் ஷோரூமுக்குப் பேசுங்கள். இன்சூரன்ஸை உங்கள் விலைக்கே அவர்கள் இறக்கித் தந்தால் அங்கேயே எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, பின்னால் ஏதாவது என்றால் அலையத் தேவையில்லை.

குரலை உயர்த்த வேண்டாம். எதிரில் நிற்பவன் பெரும்பாலும் 23, 24 வயதுப் பையன், பாதிச் சம்பளம் இன்சென்டிவ்தான். ஹேண்ட்லிங்கும் கிட்டும் அவன் கண்டுபிடித்தவை இல்லை. எல்லாம் முடிந்த பிறகும் கடைசி 2,000க்காக அவனை இழுத்தடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வண்டிக்கு மூன்று மாதம் காத்திருப்புப் பட்டியல் இருந்தாலும் தள்ளுபடிக்காக மல்லுக்கட்டாதீர்கள், தர மாட்டார்கள். அப்போதும் இன்சூரன்ஸ், ஹேண்ட்லிங், கிட் மூன்றும் உங்கள் கையில்தான் இருக்கும்.

தொகை முடிவானதும், முழுப் பணம் கட்டும் முன், பதிவுக்கு அனுப்பும் முன், உங்களுக்கு ஒதுக்கிய வண்டியை யார்டில் நேரில் பாருங்கள். சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு எந்த மாதத் தயாரிப்பு என்று கேளுங்கள், ஆர்சியிலும் அந்த மாதமும் வருடமும்தான் வரும். ஆறேழு மாதம் வெயிலில் நின்ற வண்டி என்றால் ஒன்று வேறு வண்டி கேளுங்கள், இல்லை அதற்குத் தனித் தள்ளுபடி கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். ஐந்தும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இருக்க வேண்டும். மீட்டர் நூறைத் தாண்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ஷோரூம் விளக்கில் எல்லா பெயிண்டும் அழகு.

கடைசியாக உங்கள் கணவர். அவர் சொன்னதில் கெடுதல் பெரிதாக இல்லை, டெஸ்ட் டிரைவ் முடித்து இறங்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பையன் அதைக் குறித்து வைத்திருப்பான், உள்ளே என்னைப் போன்ற ஒருவனிடம் சொல்லியும் இருப்பான். அதனால் இனிமேல் அங்கிருந்து வரும் போனை நீங்களே எடுங்கள். “வேற ஒரு வண்டியும் பார்த்துக்கிட்டு இருக்கோம் தம்பி” என்று சொல்லி வையுங்கள். அவரை டெலிவரி அன்று கூட்டிப் போங்கள், சாவி வாங்கவும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றவும்.